அம்மா பார்க்காத கட்டம்

மணி அடித்த பிறகும் சங்கவி கரும்பலகையோரமாகவே கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல், பத்தே காலிலிருந்து ஒன்றே கால் வரை. ஹால் டியூட்டியில் உட்காரக் கூடாது, புத்தகம் பார்க்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம், நினைக்கலாம். நினைப்பதையும் கூடாதென்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரி தூக்கமில்லை, கண்ணுக்குள் மணல் கிடப்பது போல உறுத்தியது. வெளியே மார்கழி மழை, பெய்வதா நிற்பதா என்று முடிவெடுக்காமல் நசநசத்துக்கொண்டிருந்தது. இருபது பிள்ளைகள், பெஞ்சுக்கு ஒன்றாக, தலை குனிந்து எழுதுகிறார்கள். ஜன்னலோர வரிசையில் நான்காவது லோகேஸ்வரி. வகுப்பில் எல்லோருக்கும் லோகு. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே தீர்மானித்திருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலே கழுத்து தானாக அங்கே திரும்புகிறது. நாற்காலியின் முதுகில் சங்கவியின் பை தொங்குகிறது. பைக்குள் நாற்பத்தொரு படிவங்கள், ரப்பர் பேண்டு போட்ட கட்டாக. நாற்பத்திரண்டாவது அதில் இல்லை. அது தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, இன்னொரு தாளோடு சேர்ந்து. பரீட்சை முடிந்ததும் கட்டை ஹெச்.எம். மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று மணி நேரம். ஒருத்தி யோசித்து முடிக்க இது போதும்தான், மூன்று நாளாக யோசித்தும் முடியாதது முடியுமென்றால்.

பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கான படிவம் அது. பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், பாலினம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கீழே மாணவி கையெழுத்து, பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. இதில் என்ன எழுதுகிறோமோ அதுதான் ஹால் டிக்கெட்டில் வரும், மதிப்பெண் சான்றிதழில் வரும், பிறகு மாற்ற வேண்டுமென்றால் ஆபீஸ் ஆபீஸாகப் படியேற வேண்டும். அதனால்தான் மேடம் ஸ்டாஃப் மீட்டிங்கில் மூன்று தடவை சொன்னார், அடித்தல் கூடாது, திருத்தல் கூடாது, வெள்ளை மை தடவினால் முகத்திலேயே விட்டெறிவேன் என்று. அதனால்தான் கிளாஸ் டீச்சர்கள் எல்லோரும் ஒரு வேலை செய்கிறார்கள், வருஷா வருஷம் செய்கிறார்கள், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. ஆளுக்கு இரண்டு வெற்றுப் படிவம். இரண்டிலும் முதலில் அம்மாவின் கையெழுத்து, பிள்ளையின் கையெழுத்து. விவரம் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்; ஒன்று கெட்டால் இன்னொன்று. அம்மாக்கள் எல்லாம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்துக்கு வா என்றால் அரை நாள் போய்விடும். ஆகவே சங்கவிதான் போனாள், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு, காலை ஆறரைக்கு, இருட்டு விலகாத பனியில், பேனாவும் அட்டையுமாக. "யக்கா, கையெழுத்துப் போடறீங்களா, கல்யாணப் பத்திரிகை எழுதறீங்களா? கம்பெனில லைன் ஓட ஆரம்பிச்சிடும், ஏறுங்க!" என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். லோகுவின் அம்மா கஸ்தூரி படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். ஒட்டுப் பிரிவில் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. "இன்னா மிஸ், ரெண்டு கீது?" "ஒண்ணு தப்பாப் போச்சுன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்க்கா." "இன்னா எழுதுவீங்க இதுல?" "ஒண்ணுமில்லக்கா. பேரு, பொறந்த தேதி, அவ்ளோதான்." "எழுதுங்க, எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா." ஒண்ணுமில்லக்கா. எத்தனை தடவை அன்றைக்கு அதைச் சொன்னாள்? நாற்பத்திரண்டு தடவை சொல்லியிருப்பாள். நாற்பத்தொரு தடவை அது உண்மையாகவும் இருந்தது.

"மிஸ், அடிஷனல் ஷீட்." கை தூக்கியது முதல் வரிசை. அதற்குள்ளேயா, முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லையே, இந்தப் பிள்ளைகள் வரிக்கு நாலு வார்த்தை எழுதிப் பக்கத்தை நிரப்புவார்கள். தாளை எடுத்துக்கொண்டு போனாள். அறைக் கண்காணிப்பாளர் கையொப்பம் என்ற இடத்தில் நின்றபடியே தன் பெயரைக் கிறுக்கினாள். இன்றைக்கு இருபது தாளில் போட்டாயிற்று, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யார் பார்த்தது. கையெழுத்து என்பதே அப்படித்தான் போலிருக்கிறது. பார்க்காமல் போடுவது. அப்பாவும் அப்படித்தான் போட்டார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத் தோலைத் தூக்கிப் போடுகிற வேலை. தன் பெயரை மட்டும் ஒரு படம் வரைகிற மாதிரி கற்று வைத்திருந்தார். கன்னியப்பன் என்பதில் கடைசி எழுத்துக்கு வரும்போது நாக்கு நுனி உதட்டில் வந்து நிற்கும். பன்னிரண்டாவது முடித்து காலேஜ் சேர்கிற அன்றைக்கு, வரிசையில் நின்றுகொண்டு, இங்க போடுப்பா, இங்கயும் போடு, அவ்ளோதான் என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் நர்ஸிங் என்று நினைத்துக்கொண்டு போட்டார். அவள் வரலாறு என்று எழுதியிருந்தாள். மூன்று வருஷம் ஷாப்பில் எல்லோரிடமும் பொண்ணு நர்ஸு படிக்குது, பொண்ணு நர்ஸு படிக்குது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்கோ காய்ச்சல் என்று மாத்திரைச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கோபப்படவில்லை. "படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா" என்றார். அதைவிட அவர் ஒரு அறை விட்டிருக்கலாம். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை, இந்த யோசனையை. அது மறுபடி எழுந்து வேறு பக்கம் திரும்புகிறது. அன்றைக்கு அவர் படித்துப் பார்த்திருந்தால்? வேண்டாம் என்றிருப்பார். நர்ஸிங் கிடைத்திருக்காது, அந்த மார்க்குக்கு எங்கே கிடைக்கும். சித்தூரில் அத்தை பிள்ளைக்குக் கட்டி வைத்திருப்பார்கள். இன்றைக்கு இந்த ஹாலில் இந்த மழையைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்க மாட்டாள். பார்க்காமல் போட்ட கையெழுத்தின் மேல்தான் அவள் நிற்கிறாள். அப்படியிருக்க அந்தப் பிள்ளை மட்டும் ஏன் நிற்கக் கூடாது?

கழுத்து திரும்பிவிட்டது. லோகு ஆசியா வரைபடத்தில் குனிந்திருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாடுகளின் ஓரத்தை மெதுவாக, கோடு தாண்டாமல். இந்த ஊர்ப் பக்கம் அம்மாவைக்கூட வந்துது, போச்சு என்றுதான் சொல்வார்கள். பிள்ளை வருது, பிள்ளை எழுதுது. அந்த மட்டில் ஒரு நிம்மதி, யோசிக்கும்போது தடுமாற வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் தடுமாறவில்லை, தடுமாறியிருக்கலாம். பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பாலினம் என்ற இடத்தில் மூன்று கட்டம், ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர். பெண்கள் மேல்நிலைப் பள்ளி. எல்லோரும் நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள், புரட்டப் புரட்ட நடுக்கட்டம், நடுக்கட்டம். ஒன்றில் மட்டும் டிக் முதல் கட்டத்தில் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. களைப்பு, பிற்பகல் கடைசி பீரியட், தலைவலி. "லோகேஸ்வரி, எழுந்திரு. கண்ணப் பொடனியிலயா வச்சிருக்க? நீ பொம்பளப் புள்ளையா ஆம்பளப் புள்ளையா?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மிஸ், லோகு மீசை வளக்கப் போறாளாம்!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி. "ஏய், பிளேடு வாங்கிக் குடுங்கடி!" என்று இன்னொருத்தி. சங்கவியும் சிரித்தாள். சிரித்தாள், அதை மறைப்பதற்கில்லை. பிள்ளை எழுந்து மேசைக்கு வந்து நின்றது. தாளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தது. ரொம்பச் சின்னக் குரலில், "தப்பாப் போடல மிஸ்" என்றது. சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு, எடுக்கத் தெரியாமல், ஒட்டிக்கொண்டு நின்றது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, வராண்டாவில், "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து மிஸ்" என்றது. என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பி.எட். படித்தபோது பாடத்தில் ஒரு பக்கம் இருந்தது, இரண்டு மார்க் கேள்வி, சாய்ஸில் விட்டுவிட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமாடா?" என்றாள் கடைசியில். டா என்பது எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுகிற டாதான், ஆனால் பிள்ளையின் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்துவிட்டாள். பிறகு அது உடனே மூடிக்கொண்டது. "தெரியாது. சொல்லாதீங்க மிஸ். மாமா எங்க கூடத்தான் இருக்காரு, அவர் காதுல விழுந்தா அவ்ளோதான்." "சொல்லாம எப்படி? பெத்தவங்க சம்மதம் வேணுமே." "அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்குதே மிஸ்" என்றது பிள்ளை. குதர்க்கமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை நம்பியது போலச் சொன்னது, அல்லது நம்ப ஆசைப்பட்டது போல.

பதினொன்றரை மணி. மேடத்தின் செருப்புச் சத்தம் வராண்டாவில் வந்து, வாசலில் நின்று, கடந்துபோனது. பிரேமகுமாரி மேடம் கெட்டவரில்லை. பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தை பத்து வருஷமாக நடத்துகிறார். அதுதான் பயமே. டிக் போட்ட படிவத்தை அப்படியே கட்டோடு வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளுமா என்பதே தெரியாது. அதற்கு முன்னால் மேடத்தின் கண்ணில் படும், பட்டே தீரும். உடனே போன். என்னம்மா கஸ்தூரி, பொண்ணைப் பையன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியே, குடிச்சிருக்கியா என்பார், சிரித்துக்கொண்டே. ஒட்டுப் பிரிவில் பசை நாற்றத்தில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, அந்த அம்மா தன் பிள்ளையைப் பற்றி முதல் தடவையாக அப்படித்தான் கேள்விப்படுவாள். அல்லது யாரும் கவனிக்காமல் போய், மார்ச்சில் ஹால் டிக்கெட்டாக வந்து, அதை மாமன் கையில் வாங்கிப் படிப்பான். சரி, வேண்டாம். உறையில் இருக்கிற இன்னொரு தாள்? அதிலும் கஸ்தூரியின் கையெழுத்து, லோகுவின் கையெழுத்து, மற்றதெல்லாம் வெள்ளை. இரண்டு நிமிஷ வேலை. நடுக்கட்டத்தில் டிக் போட்டு, கட்டுக்குள் சொருகிவிடலாம். யாருக்கும் தெரியாது. மேடம் தொந்தரவு இல்லை, மாமன் தொந்தரவு இல்லை, ஏப்ரலில் தற்காலிக ஆசிரியர் பட்டியல் புதுப்பிக்கும்போது அவள் பெயரில் கறுப்புப் புள்ளி இல்லை. பிள்ளைக்கு மட்டும் தெரியும். ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்க்கும். தப்பாப் போடல மிஸ் என்று பார்த்த அதே பார்வை. இரண்டு தாளிலும் அம்மாவின் சம்மதம் இருக்கிறது. ஒன்றிலும் இல்லை. அவள் கையிலிருப்பது பிள்ளையின் விஷயமும் இல்லை, அம்மாவின் விஷயமும் இல்லை, அவள் பஸ் படிக்கட்டில் செய்த காரியம்.

அப்படியானால் போய் அம்மாவிடமே சொல்லிவிடலாமே. சொல்லலாம். போன வருஷம் அப்படித்தான் ஒன்று சொன்னாள். ஒன்பதாவதில் வினோதினி என்று ஒருத்தி, பிற்பகல் பிற்பகலாகக் காணாமல் போவாள். நல்லதுக்குத்தான், பெற்றவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வினோதினியின் அப்பாவுக்குப் போன் போட்டாள். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். பிறகு யாரோ சொன்னார்கள், ஆந்திரா பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்ததும் சங்கவிதான், ஸ்கேல் வைத்து நேராக இழுத்தாள். அந்தக் கோடு இப்போதும் கண்ணை மூடினால் தெரியும். நான் சொன்னது தப்பா என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் உன் கடமையைத்தானே செஞ்ச என்பார்கள். கடமை என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் உட்கார வேண்டும் போலிருக்கிறது. கால் வலிக்கிறது. குதிகாலில் ஆரம்பித்து முழங்காலுக்கு ஏறுகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி நின்றாள். சொன்னால் இந்தப் பிள்ளையும் வினோதினி மாதிரி போய்விடலாம். சொல்லாவிட்டால் அந்த அம்மாவை நான் ஏமாற்றுகிறேன். உங்களுக்குத் தெரியாததா என்றாளே. அப்பாவும் அதையேதான் சொன்னார். படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் படித்தவர்களைப் பார்த்து இதையே சொல்கிறார்கள், தலையைக் கொண்டு வந்து மடியில் வைப்பது போல. கன்னியப்பன் தன் பெயரை வரைந்து முடித்துவிட்டு, சரியா கீதான்னு பாரு என்று அவளைத்தான் கேட்டார். சரியாத்தான் இருக்குப்பா. இல்லை, அது வேறு, இது வேறு. அன்றைக்கு அவள் ஏமாற்றியது தன் அப்பாவை, அதன் பலனும் பாரமும் அவளுடையது. பிள்ளை தன் அம்மாவிடம் ஒன்றை மறைத்தால் அது அவர்கள் வீட்டு விஷயம், ஒரு நாள் அதுவாக உடையும், அல்லது உடையாது. நடுவில் நான் யார், இரண்டு பேர் கையெழுத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு.

பன்னிரண்டே முக்கால். மழை நின்றிருந்தது, எப்போது நின்றதென்று தெரியவில்லை. "அரை மணிதான் இருக்கு, எல்லாரும் நூல் கட்டிக்குங்க" என்றாள். அவள் குரலே அவளுக்கு யாரோ பேசுவது போலிருந்தது. ஒரு படிவத்தை மட்டும் நிறுத்தி வைத்தால் மேடம் யாருடையது என்பார். பெயரைச் சொன்ன மறு நிமிஷம் போன் போகும். ஒன்று குறைந்தால் அந்த ஒன்று கண்ணில் படும். ஒன்று குறைந்தால். நாற்பத்திரண்டும் குறைந்தால்? அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒரு உற்சாகமும் வரவில்லை. அலுப்புதான் வந்தது, எலும்புக்குள் இறங்கினாற் போல ஒரு அலுப்பு. மறுபடி நாற்பத்திரண்டு அம்மாக்கள். மறுபடி அந்தப் பனி, அந்த ஹாரன். வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, இன்றைக்குச் செவ்வாய். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை பேர் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் அது ஒன்றுதான் பொய்யில்லாமல் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தாள், அதில் பொய் இல்லை.

விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு நின்றபோது மேடம் நிமிர்ந்து பார்க்காமலே கை நீட்டினார். "படிவக் கட்டு?"

"வெள்ளிக்கிழமை தரேன் மேடம்."

"நேத்தே செக் பண்ணி முடிச்சிட்டேன்னு சொன்ன?"

"முடிச்சேன் மேடம். ஆனா பெத்தவங்க யாரும் படிச்சுப் பாக்கல. வெறும் தாள்ல வாங்கிட்டேன். எல்லாருக்கும் புதுசா எழுதி, படிச்சுக் காட்டி வாங்கணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் அப்படித்தாம்மா வாங்கறோம். நான் கிளாஸ் டீச்சரா இருந்தப்பவும் அப்படித்தான். யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்ல மேடம்."

"பின்ன என்ன கிறுக்கு? ஏதாவது ஒரு புள்ளையோடதுல பிரச்சனையா? பேரச் சொல்லு, வீட்டுக்குப் போன் போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறேன்."

"ஒண்ணுல இல்ல மேடம். எல்லாத்துலயும்தான் பிரச்சனை. நான் வாங்கின முறை தப்பு."

"ஏப்ரல்ல உன் பேரை நான்தான் எழுதி அனுப்பணும், ஞாபகம் இருக்கா?" என்றார் மேடம். மிரட்டலாகச் சொல்லவில்லை, ஒரு களைத்த மனுஷி இன்னொரு களைத்த மனுஷியிடம் சொல்வது போலத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை நாலு மணி. நாலு அஞ்சுக்கு வந்தா வாங்க மாட்டேன்."

வெளியே வந்தபோது லோகு சைக்கிள் ஷெட் பக்கம் நின்றிருந்தது. மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். சீட்டிலிருந்த மழைத் தண்ணீரைக் கையால் வழித்து வழித்து உதறிக்கொண்டிருந்தது. உதற இனி ஒன்றுமில்லாத பிறகும் உதறியது.

"குடுத்துட்டீங்களா மிஸ்?"

"இல்ல."

"மாத்திட்டீங்களா?"

"இல்லடா." உறையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து அதன் கண்முன்னால் நாலாகக் கிழித்தாள். டிக் போட்டதை எடுத்து அதன் கையில் கொடுத்தாள். "இது உன்னோடது, நீயே வச்சுக்க. அன்னிக்குக் கிளாஸ்ல நான் சிரிச்சது தப்பு. அம்மா கையெழுத்த வெறும் தாள்ல வாங்கினதும் தப்பு, அது என் தப்பு, உன்னோடது இல்ல. புது ஃபாரம் கொண்டு உங்க வீட்டுக்கு வருவேன், எல்லார் வீட்டுக்கும் போற மாதிரி. அம்மாவுக்கு ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்வேன். அந்தக் கட்டம் வந்ததும் நிறுத்திருவேன். நீ என்ன சொல்றியோ அதான். பொண்ணுன்னு போடுங்கன்னு நீ சொன்னா அதையும் எழுதுவேன், ஏன்னு கேக்க மாட்டேன். உன்ன மீறி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லி, அம்மா முடியாதுன்னா?"

"தெரியலடா" என்றாள். யாராவது ஒரு நல்ல பதிலை எங்கேயாவது எழுதி வைத்திருக்கலாம், அவள் படிக்காத ஏதாவது பக்கத்தில்.

பிள்ளை தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தது. மறுபடி எடுத்து, மடிப்பைப் பிரித்து, இன்னும் சின்னதாக மடித்து வைத்தது. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கியது. ஏறப் போகிறது என்று நினைத்தாள். ஏறவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே பேசியது.

"நாளைக்கு வேணாம் மிஸ். மாமா வீட்ல இருப்பாரு. வியாழக்கிழமை வாங்க. அன்னிக்கு அம்மாவுக்கு ஓவர்டைம் கெடையாது, ஆறரைக்கெல்லாம் வந்துரும். மாமா வர எட்டு ஆவும்." நிமிர்ந்து பார்த்தது. "ஆறரைலருந்து எட்டு. போதுமா மிஸ்?"

போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "பாக்கலாம்" என்றாள். "ஆறரைக்கு வந்துடறேன்."